ஒடியல் மாவை எந்தச் சொல்லால் தேடுகிறார்கள்?

முரசுமோட்டையில் என் சின்னம்மாவுக்கு ஒரு மில் இருக்கிறது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போகும்போது மிளகாய் வறுக்கும் வாசம் மூக்கில் ஏறினால் அதுதான் இடம். மீள்குடியேறி வந்த காலத்தில் நாலு தகரமும் பழைய அரைக்கும் மெசின் ஒன்றுமாகத் தொடங்கியது. இன்றைக்குக் கறித்தூள், குரக்கன் மா, உளுத்தம் மா, பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மா, புழுக்கொடியல், மோர் மிளகாய் என்று பொதி கட்டி விற்கிறார்கள். ஐந்து பெண்கள் வேலை செய்கிறார்கள். மில்லுக்கு ஒரு இணையத்தளமும் உண்டு. 2021 முதல் அதைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

கூகுளில் பெயரைப் போட்டாலும் வராத நிலையில் இருந்தோம். இப்போது கனடாவில் ‘ஒடியல் மா’ என்று தேடுகிறவர்களுக்கு முதல் பக்கத்தில் வருகிறோம். இடையில் நடந்ததை எழுதுகிறேன். வன்னியில் இப்படிச் சிறு தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர். எங்களுக்குப் போன காசும் நாளும் அவர்களுக்குப் போகக்கூடாது.

தளத்தைச் செய்து தந்தது வெளியூர் நிறுவனம் ஒன்று. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நாலு மாதம் கழித்து கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் சின்னம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, போன் எடுத்தா. “அம்மா, உங்கட மில்லின்ர பேரைப் போட்டாலும் வருகுதில்லை. சும்மா காசைக் குடுத்துப்போட்டு இருக்கிறியள்.” சின்னம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, நீ கொம்பியூட்டர் படிப்பிக்கிறனி எல்லோ, ஒருக்கா என்னெண்டு பார்” என்றா. அப்படித்தான் இந்த வேலை என் கைக்கு வந்தது.

முதலில், கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் எங்கள் முகவரியை எழுதித் தேடினேன். ஒரு தளத்தின் எந்தெந்தப் பக்கங்கள் கூகுளின் கையில் இருக்கின்றன என்று மேலோட்டமாக அறிய அது போதும். ஒரு பக்கமும் வரவில்லை. தளத்தைக் கட்டிய வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் உள்ளே போய்ப் பார்த்தேன். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் பெட்டி ஒன்று ‘வாசிப்பு’ அமைப்பில் உண்டு. அதில் சரி போட்டபடியே இருந்தது. தளத்தைக் கட்டும்போது அதைப் போட்டுவைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. ஒரு சின்னச் சரி அடையாளம், நாலு மாதம்.

அதை எடுத்துவிட்டு, கூகுள் சேர்ச் கொன்சோலில் தளத்தைப் பதிந்தேன். தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் இலவசமான கருவி அது. அவர்கள் தரும் ஒரு வரியைத் தளத்தின் தலைப்பகுதியில் சேர்த்தால் தளம் உங்களுடையதுதான் என்று ஏற்றுக்கொள்வார்கள். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடத்தையும் அங்கே கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் பக்கங்கள் தேடலில் வரத் தொடங்கின. வந்ததைப் பார்த்தபோதுதான் அதைவிடப் பெரிய பிழை தெரிந்தது. எங்கள் பெயருக்குக் கீழே வரும் இரண்டு வரியில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வாசிக்க முடியாத ஏதோ கிடந்தது.

பாமினி எழுத்துரு. எங்கள் பக்கத்தில் அச்சக வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துதான் இருக்கும். கலியாணக் கார்டு அடிக்கவும் நோட்டீஸ் அடிக்கவும் அது எத்தனையோ வருடம் நன்றாக உழைத்தது. மில்லுக்கு அடித்த நோட்டீஸின் எழுத்தை அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டி, எழுத்துருவையும் சேர்த்துவிட்டிருந்தார்கள். பார்க்கிறவருக்கு ‘ஒடியல் மா’ தெரியும். கூகுளுக்கு அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை. உங்கள் தளம் எப்படி என்று சோதிக்க ஒரு வழி: ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழாக வந்தால் அது யுனிகோட், எந்திரமும் தமிழாகவே வாசிக்கும் எழுத்துமுறை, பயமில்லை. வேறேதாவது வந்தால் உடனே மாற்றுங்கள். படமாகப் போட்ட நோட்டீஸும் இதே கதைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி இருக்கக்கூடாது.

பாமினியை யுனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றினேன். மாற்றிய பிறகும் ஒரு பக்கம் மட்டும் அசையவில்லை: கௌபி என்ற பயற்றின் பக்கம். இரண்டு மாதம் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. ‘கௌபி’ என்பதில் வரும் ஔகாரக் குறி யுனிகோடில் ஒரே எழுத்து. மாற்றும்போது அது கொம்பும் ‘ள’வுமாகப் பிரிந்து ‘கெளபி’ என்று ஆகியிருந்தது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எந்திரத்துக்கு வேறு வேறு சொல். ‘கௌரி’, ‘பௌர்ணமி’, ‘சௌகரியம்’ போன்ற சொற்கள் உங்கள் தளத்தில் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்துவிடுங்கள்.

அடுத்து வந்தது டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயர், பற்றிய சிக்கல். 2022ஐ இலங்கையில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆண்டு தொடங்கும்போது 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. மில்லே ஓடாத நேரத்தில் தளத்தை யார் நினைப்பது? டொமைன் பெயரின் ஆண்டுக் கட்டணம் முடிந்திருக்கிறது. நினைவூட்டும் கடிதம் எங்களுக்கு வரவில்லை, ஏனென்றால் டொமைன் எங்கள் பெயரில் இல்லை. தளத்தைச் செய்தவர்கள் தங்கள் கணக்கில், தங்கள் மின்னஞ்சலில் பதிந்து வைத்திருந்தார்கள். ஒரு காலையில் தளம் காணாமல் போனது. காலாவதியான பெயரை மீட்க ஒரு குறுகிய காலம் கொடுப்பார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் யாரும் வாங்கிக்கொள்ளலாம். அவர்களைத் தேடிப் பிடித்து, மேலதிகக் கட்டணத்தைப் பாரிஸ் நகரில் இருக்கும் அண்ணையைக் கொண்டு கட்டுவித்து, பெயரைச் சின்னம்மாவின் கணக்குக்கு மாற்றி முடிக்க ஐந்து கிழமை போனது.

அந்த ஐந்து கிழமையில் கூகுள் எங்கள் பக்கங்களில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டது. திரும்பி வர இரண்டு மாதம். அதுவரை சேர்த்த உழைப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மையிலேயே வலித்தது. ஆகவே, தளம் செய்விக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது வடிவமைப்பைப் பற்றி அல்ல. டொமைன், தளத்தை வைத்திருக்கும் இடம் (ஹோஸ்டிங்), சேர்ச் கொன்சோல் மூன்றும் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்க வேண்டும். செய்கிறவருக்கு அனுமதி கொடுங்கள், உரிமையைக் கொடுக்காதீர்கள். முடிவுத் திகதியைச் சுவர்க் கலண்டரில் சிவப்பால் எழுதுங்கள். எங்கள் மில்லில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும் கலண்டரில் அது எழுதியிருக்கிறது.

இனி, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படும் விஷயம். சொல்.

எங்கள் பொருள் பக்கங்களுக்கு முதலில் இருந்த தலைப்புகள் ‘தயாரிப்பு 1’, ‘தயாரிப்பு 2’ என்று போயின. தேடல் முடிவில் நீல நிறத்தில் பெரிதாக வருவது பெரும்பாலும் இந்தத் தலைப்புத்தான். ‘தயாரிப்பு 7’ என்று யார் தேடுவார்கள்? மாற்றத்தான் வேண்டும், ஆனால் எதற்கு மாற்றுவது? நான் ஊகித்து எழுதவில்லை. சேர்ச் கொன்சோலில் செயல்திறன் பகுதியைத் திறந்தால், என்னென்ன சொற்களைத் தேடியபோது நம் தளம் காட்டப்பட்டது, எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் வந்தது எல்லாம் வரும். மிக அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தேடியவரின் அந்தரங்கம் கருதி மறைத்துவிடுவார்கள். மீதியே போதும்.

அந்தச் சொற்பட்டியலைச் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “மா எண்டு தேடினால் மாம்பழத்தையும் காட்டுமே?” என்று கேட்டா. சரியான கேள்வி. எங்களுக்கு ‘மா’ என்றால் அரைத்த மா. தமிழ்நாட்டில் அதை மாவு என்பார்கள். அங்கே மா என்றால் மாமரம். எங்கள் குரக்கன் அங்கே கேழ்வரகு, ராகி. எங்கள் கச்சான் அங்கே வேர்க்கடலை. எங்கள் கௌபி அங்கே தட்டைப்பயறு, காராமணி. தமிழில் தேடுகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதனால் குரக்கன் மாப் பக்கத்தின் தலைப்பில் ‘கேழ்வரகு மாவு’ என்றும் சேர்த்துப் பார்த்தேன்.

எண் பாய்ந்தது. தோன்றிய தடவை சில நூறிலிருந்து ஆயிரங்களுக்குப் போனது, கிளிக்கும் கூடியது. மூன்று கிழமை சந்தோசமாக இருந்தேன். பிறகு சின்னம்மாவின் ஓடர் கொப்பியைப் பார்த்தால் ஒரு பொதி கூடவில்லை. சேர்ச் கொன்சோலில் நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இந்தியாவில் இருந்து. அவர்கள் ஊரில் கேழ்வரகு மாவு மலிவாகக் கிடைக்கும்போது முரசுமோட்டையில் இருந்து ஏன் வாங்கப் போகிறார்கள்? தலைப்பில் இருந்து அந்தச் சொல்லை எடுத்தேன். ‘இந்தியாவில் கேழ்வரகு, ராகி என்பார்கள்’ என்ற ஒரு வரியை உள்ளே மட்டும் விட்டேன். எண் இறங்கியது, கவலைப்படவில்லை. அன்றிலிருந்து எந்த எண்ணையும் நாடு பிரிக்காமல் பார்ப்பதில்லை. எங்களுக்குரியவர்கள் இலங்கையிலும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சுவிசிலும் ஜெர்மனியிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள்.

அப்படிப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ‘ஒடியல்’ என்ற ஒரு சொல்லை மட்டும் ஐந்து விதமாகத் தட்டியிருந்தார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் பனங்கிழங்கு மா என்ற பொருள் வரும்படி தேடுகிறார்கள். அம்மாவுக்காக, அம்மம்மாவுக்காகத் தேடுகிற பிள்ளைகள் அவர்கள். தமிழ்ப் பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் வரிக்கு வரி கலக்காமல், தனி ஆங்கிலப் பக்கம் எழுதி, இரண்டு பக்கமும் ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது என்று கூகுளுக்குச் சொல்லும் குறிப்பை இரண்டிலும் சேர்த்தேன். ஆங்கில எழுத்தில் ‘ஒடியல்’ என்பதை அதிகம் பேர் எழுதும் விதத்தில் தலைப்பில் வைத்தேன். மற்ற நாலையும் எங்கும் திணிக்கவில்லை. எழுத்துக் கொஞ்சம் மாறினாலும் கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. ஊர்ப் பெயருக்கும் இதைப் பாருங்கள். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம் உண்டு என்று வெளிநாட்டில் இருந்து பொதி அனுப்பியவர்களுக்குத் தெரியும்.

எங்களை உண்மையில் மேலே தூக்கியது ஒரு பக்கம். 2023 தைப்பொங்கல் கழிந்த கையோடு, பட்டியலில் ஒரே மாதிரியான தேடல்கள் வரத் தொடங்கின. ஒடியல் கூழ் எப்படிச் செய்வது, ஒடியல் மா கசக்குமா, ஒடியல் மாவும் புழுக்கொடியல் மாவும் ஒன்றா. தளம் 38ஆம் இடம், 40ஆம் இடம் என்று எங்கோ கிடந்தது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் விலையும் எடையும் தவிர வேறொன்றும் இல்லை. கேள்வி கேட்டு வருகிறார்கள், நாங்கள் விலைப்பட்டியலை நீட்டுகிறோம்.

சின்னம்மாவைக் குசினியில் இருத்தி, அவ சொல்லச் சொல்ல எழுதினேன். பச்சையாகப் பிளந்து காயவைத்த பனங்கிழங்கு ஒடியல். அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அப்படியே தின்னலாம். ஒடியல் மாவை அப்படித் தின்னக்கூடாது; தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிட்டு, கசப்புப் போன பிறகுதான் கூழுக்கு எடுக்க வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால், பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கை இலை, அரைத்த செத்தல் மிளகாய், பழப்புளி. எது எப்போது போடுவது, மா கட்டிபடாமல் எப்படிக் கரைப்பது என்று அவ கையைக் காட்டிக் காட்டிச் சொன்னா. அதைப் படம் எடுத்தேன். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிப்பதைப் பற்றியும் நாலு வரி எழுதினேன். எழுதாமல் விட மனம் வரவில்லை. கடைசியில், ‘ஊறவைக்காமல் செய்தால் என்ன ஆகும்?’, ‘கசப்பு இன்னும் இருந்தால்?’ என்று போனில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொல்லிலேயே உபதலைப்பாக வைத்து விடை எழுதினேன்.

இரண்டு மாதத்தில் அந்தப் பக்கத்தால் தளம் கனடாவில் 38இல் இருந்து 11க்கு வந்தது. மாப் பக்கத்துக்கு அதில் இருந்து ஒரு இணைப்பும், மாப் பக்கத்தில் இருந்து செய்முறைக்கு ஒரு இணைப்பும் கொடுத்த பிறகு 6. அப்போதிருந்து 5க்கும் 8க்கும் இடையில் நிற்கிறது. ஒடியல் மா ஓடரும் அதனோடு ஏறியது. கூழ் குடிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தோம். செய்யத் தெரியாதவர்களும் வாங்கத் தொடங்கினார்கள்.

இந்த எண்களை எப்படிப் பார்ப்பது என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் என் போனில் தேடித்தான் இடம் பார்த்தேன். முதல் இடம்! சின்னம்மாவுக்கும் காட்டினேன். அன்றிரவு ஸ்காபரோவில் அக்கா தேடினா, முதல் மூன்று பக்கத்திலும் இல்லை. நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். மில்லின் தளத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறக்கிறவன். எனக்குக் கூகுள் காட்டுவது எனக்கானது. மறைநிலையில் திறந்தாலும், நிற்கும் இடம் அதற்குத் தெரியும். ஆகவே உங்கள் போனில் பார்ப்பதை இடம் என்று எடுக்காதீர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் போனையும் நம்பாதீர்கள். சேர்ச் கொன்சோலில் நாட்டையும் சொல்லையும் தெரிவுசெய்து வரும் சராசரி இடம்தான் கணக்கு. அதன் முடிவான கணக்கு இரண்டு மூன்று நாள் பிந்தித்தான் வரும், பரவாயில்லை.

சராசரி என்பதிலும் ஒரு பொறி உண்டு. கூழ்ப் பக்கம் ஏறத் தொடங்கிய அதே காலத்தில் தளம் முழுவதற்குமான சராசரி இடம் 19இல் இருந்து 27க்கு இறங்கியது. என்னவோ உடைத்துவிட்டேன் என்று பயந்து, இரண்டு தலைப்புகளைப் பழையபடி மாற்றியும்விட்டேன். அது என் பிழை. நடந்தது வேறு: புதிய பக்கம் முன்பு எங்களைக் காட்டாத நூற்றுக்கணக்கான தேடல்களில் 50ஆம், 60ஆம் இடத்தில் தலைகாட்டத் தொடங்கியது. அவையெல்லாம் சேர்ந்து சராசரியை இழுத்துவிட்டன. கிளிக் கூடிக்கொண்டுதான் இருந்தது. தளம் முழுவதற்குமான சராசரியை இப்போது நான் பார்ப்பதே இல்லை. பன்னிரண்டு சொற்களைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கிறேன்.

அதற்கு ஒற்றைக் கோடு போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடந்த 28 நாள் கணக்கை எடுத்து, சொல், நாடு, தோன்றிய தடவை, கிளிக், இடம் எழுதுவேன். பக்கத்துத் தாளில் அந்தக் கிழமை என்ன மாற்றினேன் என்று திகதியோடு எழுதுவேன். இந்த இரண்டாவது தாள்தான் பொக்கிசம். ஒரே நேரத்தில் தலைப்பு, படம், இணைப்பு எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு பக்கத்தில் ஒரு மாற்றம், பிறகு நாலு கிழமை பொறுமை. வயலுக்கு விதைத்துவிட்டு அடுத்த நாள் கிண்டிப் பார்க்கிறவர் உண்டா?

கொப்பி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சேர்ச் கொன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும். எங்கள் தொழில் பருவத்தோடு போவது. தையில் கிழங்கு கிண்டத் தொடங்கினால் ஒடியல் தேடல் ஏறும்; ஆடி, ஆவணியில் வெளிநாட்டுக்காரர் விடுமுறைக்கு வரும்போது தூளும் மோர் மிளகாயும் ஏறும். போன மாதத்தோடு ஒப்பிட்டால் வீணாக அழவோ மகிழவோ வேண்டிவரும். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். மூன்று வருடக் கணக்கு கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது.

படங்களைப் பற்றி அதிகம் இல்லை. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 மெகாபைட். ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் நின்று திறந்தால் தளம் விரியவே இல்லை. எல்லாவற்றையும் 150 கிலோபைட்டுக்குக் கீழே கொண்டுவந்தேன். பக்கம் திறக்கும்போது திரையில் வரும் மிகப் பெரிய படமோ எழுத்துத் துண்டோ 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டால் காட்டும். கூகுள் தளத்தைப் போன் வடிவத்தில்தான் வாசிக்கிறது என்பதால் கணினியில் எப்படித் தெரிகிறது என்று பார்த்து மயங்காதீர்கள்.

ஊரில் இருந்து நெல்லும் மிளகாயும் கொண்டுவந்து அரைப்பிக்கிறவர்களுக்கு இணையத்தளம் தேவையில்லை, வரைபடம்தான் தேவை. கூகுள் பிசினஸ் புரொபைலில் மில்லைப் பதிந்து, வீடியோ எடுத்து அனுப்பி உறுதிசெய்தோம். இங்கே வீட்டு இலக்கத்தை வைத்து யாரும் வழி கண்டுபிடிப்பதில்லை. அதனால் குறியைச் சரியாக வாசலில் வைப்பது முக்கியம். முதல் ஒரு மாதம் குறி எதிர் வயலுக்குள் நின்றது. லொறிக்காரர் ஒருவர் வரம்புக்குக் கிட்டப் போய்விட்டுப் போன் எடுத்தார். திறக்கும் நேரத்தையும், தைப்பொங்கல், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் போன்ற நாட்களில் பூட்டு என்பதையும் முன்பே போட்டுவிடுவோம். நல்ல கருத்து எழுதுகிறவர்களுக்கு ஒரு பொதி மா இலவசமாகக் கொடுப்போமா என்று சின்னம்மா கேட்டா. பொருள் கொடுத்துக் கருத்து வாங்குவதைக் கூகுளின் விதி தடுக்கிறது. “அப்ப வேண்டாம், பிடிச்சவை எழுதட்டும்” என்று விட்டுவிட்டா. மெல்ல மெல்ல எழுதுகிறார்கள்.

காசு கேட்டு வந்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மாதத்தில் முதலிடம் என்று உறுதி சொன்ன நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் ஒரு தவணை கட்டினோம். கூகுளில் முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதை வாசிக்காமல் கட்டியது எங்கள் தவறு. அவர்கள் செய்தது, பக்கத்தின் உள்ளே மறைவாக ஒரு சொற்பட்டியல் சேர்த்தது. அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இரண்டாம் தவணைக்கு வேறு தளங்களில் இருந்து எங்கள் தளத்துக்கு ஆயிரம் இணைப்புகள் தருவதாகச் சொன்னார்கள். விலைக்கு வாங்கும் இணைப்பு தளத்துக்கே ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்ததால் நிறுத்தினோம். உண்மையான இணைப்புகள் எங்களுக்கு மூன்றுதான் வந்தன. ஒன்று, ஒன்றுகூடலுக்குக் கூழ் காய்ச்ச எங்களிடம் மா எடுத்த வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கம் தன் தளத்தில் போட்டது. அந்த ஒன்று வந்த மாதத்தில்தான் ‘ஒடியல் மா’ பிரித்தானியாவில் இரண்டாம் பக்கத்தில் இருந்து முதல் பக்கத்துக்கு வந்தது. இணைப்பால்தான் வந்தது என்று அறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த மாதம் வேறெதையும் நான் தொடவில்லை என்பது கொப்பியில் இருக்கிறது.

2024இல் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இருபது கட்டுரை எழுதுவித்துப் போட்டும் பார்த்தோம். தமிழ் சரளமாகத்தான் இருந்தது. ஆனால் குரக்கன் என்று வர வேண்டிய இடமெல்லாம் கேழ்வரகு, ஒடியலுக்குப் புழுக்கொடியலின் செய்முறை. கூகுள் அவற்றில் பெரும்பாலானதை வந்து வாசித்துவிட்டுச் சேர்க்காமலே விட்டது. தேடலில் ஏறுவதற்காகக் குவியலாகக் கட்டுரை உற்பத்தி செய்வதை அந்த மார்ச்சில் குப்பை என்று விதியாகவே ஆக்கியிருந்தார்கள். இருபதையும் அழித்தேன். ஒடியல் மாவை ஊறவைக்காமல் தின்னச் சொல்லும் ஒரு வரி எங்கள் பெயரில் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

அண்மைக்காலத்தில் கேள்வியாகத் தேடுகிறவர்களுக்குக் கூகுள் தானே மேலே ஒரு விடை எழுதிக் காட்டுகிறது. கூழ்ப் பக்கத்துக்கு இடம் மாறாமலே கிளிக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஓடர் குறையவில்லை. பொருள் வேண்டியவர் இன்னும் வந்துதான் ஆக வேண்டும். அதனால் இப்போது கொப்பியில் ஓடருக்கும் ஒரு நிரல் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மோர் மிளகாய் பிரித்தானியாவில் 14இல் நின்றது. சொற்பட்டியலில் ‘மோர் மிளகாய் எத்தனை நாள் வைக்கலாம்’ என்பது முதல் தடவையாக வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு விடை இல்லை. சின்னம்மாவைக் கேட்டேன். “நல்லாக் காஞ்சிருந்தால் ஒரு வருசம் கிடக்கும். ஈரக் கையாலை மட்டும் அள்ளக்கூடாது. மழை நாளிலை போத்திலைத் திறந்து வைக்கக்கூடாது. மெத்துப்போனால் ஒருக்கா வெயில்லை போட்டு எடுக்கச் சொல்லு” என்றா. அவ சொன்ன அதே ஒழுங்கில் எழுதி, அந்தக் கேள்வியையே உபதலைப்பாக வைத்தேன். லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது என்று யாராவது கேட்பார்கள் என்பதால், ‘அவன்’ அடுப்பில் குறைந்த சூட்டில் உலர்த்தும் வழியையும் அக்காவிடம் கேட்டுச் சேர்த்தேன். கொப்பியில் திகதி போட்டாயிற்று. நாலு கிழமைக்கு அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.